செரிமானத்துக்கு ஒரு உருண்டை

புதன்கிழமை மதியம் பன்னிரண்டு நாற்பதுக்கு என் நாத்தனாரிடமிருந்து போன் வந்தது. என் மகனிடமிருந்து இல்லை. எல்லாம் கெட்டுப்போகத் தொடங்கிய நேரம் எது என்று யாராவது கேட்டால் இன்றும் அதைத்தான் சொல்வேன். அவனுக்கு என்ன நேர்ந்தது என்று எனக்குத் தெரிவதற்கு முன்னால், அது அவளுக்கு முதலில் தெரிந்திருக்கிறது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் பள்ளிக்கூடத்தில், ஆசிரியர் அறையில், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு பட்டிமன்றம் எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளியில் போதை எதிர்ப்பு மன்றத்துக்கு நான்தான் பொறுப்பு. அந்த மாதத்துத் தலைப்பு, கஞ்சா மருந்தா, நஞ்சா. பிள்ளைகள் பேசுகிற பட்டிமன்றம் என்று பெயர், ஆனால் இரண்டு அணிக்கும் பேச்சை எழுதிக்கொடுப்பது நாங்கள்தான். நடுவரின் தீர்ப்பை முதலில் எழுதிவிடுவோம். அதற்குத் தோதாகத்தான் வாதங்களை எழுதுவோம். தோற்கப்போகிற அணிக்கும் கைதட்டல் விழுகிற மாதிரி நாலு வரி வைக்கவேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் முகத்தைத் தூக்கிக்கொள்வார்கள். அதனால் மருந்து அணிக்கும் நன்றாகவே எழுதியிருந்தேன். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்கிறவர்களின் குமட்டல், சில குழந்தைகளுக்கு வருகிற அடங்காத வலிப்பு, சில நாடுகள் சட்டத்தைத் தளர்த்தியது, எல்லாம் இருந்தது. நஞ்சு அணியில் ‘வளரும் மூளை’ என்று ஆரம்பித்திருந்தேன். அப்போதுதான் போன்.

“அண்ணி, பதறாத. சாப்ட்டியா?”

“என்ன விஷயம், சொல்லு.”

“ஒண்ணுமில்ல. புள்ள இங்க ஊட்லதான் கீறான். கம்பெனில அனுப்சிட்டாங்க.”

“அனுப்பிட்டாங்கன்னா?”

“யூரின் டெஸ்டு எடுத்தாங்கல்ல, அதுல கஞ்சான்னு வந்துகீதாம். நீ பதறாத அண்ணி, அவன் ஒண்ணும் பண்ணல.”

“அவன்கிட்ட குடு.”

“இப்பதான் அழுதுட்டு படுத்தான். எழுப்ப வாணாம்.”

பத்தாம் வகுப்புக்குப் பிறகு அவன் அழுது நான் பார்த்ததில்லை. அவள் பார்த்திருக்கிறாள். போனை வைத்த பிறகு சாப்பிடாமலே டப்பாவை மூடினேன். பயத்தாலா, வேறெதனாலா என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

என் நாத்தனார் கும்மிடிப்பூண்டியில், தொழிற்பேட்டைக்குப் போகிற சாலையில் மெஸ் வைத்திருக்கிறாள். என் கணவரின் தங்கை. அவள் புருஷன் கல்யாணமான கொஞ்ச நாளிலேயே அவளை விட்டுப் போய்விட்டான், பிள்ளை கிடையாது. மெஸ்ஸில் சாப்பிடுகிறவர்களில் பாதிப்பேர் பீகார், ஒடிசாவிலிருந்து வந்து வேலை செய்கிறவர்கள். அதோடு பக்கத்தில் ஒரு பெரிய தொழிற்சாலையின் கேண்டீனுக்கு சப்பாத்தி போட்டுக்கொடுக்கிற ஒப்பந்தமும் அவளிடம் இருந்தது. டிப்ளமோ முடித்த என் மகனுக்கு அதே தொழிற்சாலையில் டிரெய்னியாக இடம் கிடைத்தபோது, எங்கே தங்குவது என்று நாங்கள் பேச்செடுக்கும் முன்பே அவள் கட்டில் வாங்கிப் போட்டுவிட்டாள். நாங்கள் இருக்கிற காக்களூரிலிருந்து தினமும் போய்வர முடியாது. பெரியபாளையத்தில் பஸ் மாறி, ஷிஃப்டுக்கு நேரம் பிடித்துப் போவதென்றால் உடம்பு தாங்காது. வேறு வழியில்லாமல்தான் அனுப்பினேன்.

அதன் பிறகு அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிற விருந்தாளி ஆனான். வந்தால் அவள் பேச்சுதான். அவன் சட்டையில் அவள் வீட்டு சோப்பு வாசனை அடிக்கும். நான் கறிக்குழம்பு வைத்தால், “நல்லாருக்குமா, அத்த இதுல கொஞ்சம் சோம்பு தூக்கலா போடும்” என்பான். எங்கள் வீட்டில் ஒரு தட்டு சோற்றைக் கொறித்துக்கொண்டு வளர்ந்தவன். அங்கே மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறான் என்று அவள் சொன்னாள். தூக்கம் வராமல் சின்ன வயதிலிருந்தே புரண்டுகொண்டிருப்பவன், “அத்த ஊட்ல படுத்தா அடிச்சிப்போட்ட மாதிரி தூக்கம் வருதுமா” என்றான். அவனைத் தூங்கவைக்க நான் எத்தனை வருஷம் தட்டிக்கொடுத்திருப்பேன்! அவள் அவனை ‘நைனா’ என்று கூப்பிடுவாள். ஆந்திராப் பக்கத்து வழக்கம், கும்மிடிப்பூண்டியில் பாதிப்பேர் பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்த ஒரு சொல்லைக் கேட்டால் எனக்கு மட்டும் காது எரியும்.

அவள் வீட்டில் சாப்பாடு முடிந்ததும் ஒரு பழக்கம் உண்டு. ஊறுகாய் பாட்டிலில், காகிதம் பிரித்துப் போட்ட, சுண்டைக்காய் அளவுக்குக் கருப்பாகச் சில உருண்டைகள் இருக்கும். ஆளுக்கொன்று கையில் வைப்பாள். மெஸ்ஸுக்கு எதிரே வடக்கத்தியார் ஒருவர் வைத்திருக்கிற பெட்டிக்கடையில் வாங்குவது. அவள் மெஸ்ஸில் சாப்பிடுகிறவர்கள் சாப்பிட்டு முடித்ததும் நேரே அந்தக் கடைக்குப் போய் அதை வாங்கி வாயில் போட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறாள். என்னவென்று கேட்டதற்கு வயிற்றைத் தட்டிக் காட்டியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அவளும் வாங்க ஆரம்பித்தாள். புளிப்பும் இனிப்புமாக இருக்கும் என்று என் கணவர் சொல்வார். நான் எடுத்துக்கொண்டதில்லை. அவள் கையிலிருந்து எதையும் என்னவென்று கேட்காமல் வாங்கிக்கொள்வது எனக்கு வராது.

“செரிமானத்துக்கு ஒண்ணு போட்டுக்கோ அண்ணி. நீ சாப்டறதே கோழி கொத்துற மாதிரி, அது கூட உனுக்கு செரிக்காது” என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். என் மகனும் சிரிப்பான்.

அந்தப் புதன்கிழமை சாயங்காலம் நானும் கணவரும் அங்கே போய்ச் சேர்ந்தபோது அவன் எழுந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். கண் வீங்கியிருந்தது. நிரந்தரம் ஆக்குவதற்கு முன்னால் டிரெய்னிகள் எல்லோருக்கும் மருத்துவப் பரிசோதனை வைத்திருக்கிறார்கள். சிறுநீரில் கஞ்சா இருப்பதாக இவனுக்கு மட்டும் வந்திருக்கிறது. திங்கட்கிழமை பெற்றோரோடு விசாரணைக்கு வரவேண்டும், அதுவரை உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அன்று சரியான விளக்கம் இல்லையென்றால் வேலை கிடையாது. அந்தப் பகுதியில் ஒரு கம்பெனியில் இப்படி வெளியே போனவனை இன்னொரு கம்பெனி எடுக்காது என்று அவன் நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

“நீ தொட்டியா?” என்றேன்.

“இல்லமா.”

“உண்மைய சொல்லு. ஒரு தடவை, ஃப்ரெண்ட்ஸோட?”

“இல்லன்னு சொல்றேன்ல.”

“டெஸ்ட்டு பொய் சொல்லுமா?”

“போதும் அண்ணி” என்று நாத்தனார் அடுக்களையிலிருந்தே சொன்னாள். “அவன் இல்லன்னா இல்ல. நான் நம்பறேன்.”

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்! பெறாதவர்களுக்கு நம்புவது சுலபம். என்னால் முடியவில்லை. எங்கள் பள்ளியில் படித்துவிட்டுப் போன ஒருவன் இருக்கிறான். படிக்கும்போது கெட்டிக்காரன். இப்போது திருவள்ளூர் கடைத்தெருவில், தனக்குப் பின்னால் யாரோ பேசிக்கொண்டே வருவதாக நினைத்து, திரும்பித் திரும்பிப் பார்த்து நடக்கிறான். கஞ்சாதான் காரணம் என்கிறாள் அவன் அம்மா. உள்ளே முன்பே இருந்ததை அது கிளப்பிவிட்டிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். எதுவாக இருந்தால் என்ன, அவன் திரும்பிப் பார்க்கிற அந்தப் பார்வையை நான் பார்த்திருக்கிறேன். டீ டம்ளரைப் பிடித்திருந்த என் மகன் முகத்தில் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

“அப்படியே குடிச்சிருந்தாதான் இன்னா இப்போ?” என்று அவள் தட்டுகளை வைத்துக்கொண்டே சொன்னாள். “சாராயம் குடிக்கிறவன் வந்தா என் மெஸ்ல பெஞ்சிய ஒடைக்கிறான். கஞ்சா இழுத்தவன் வந்தா ரெண்டாந்தரம் சாம்பார் கேக்கறான். அவ்ளோதான் வித்தியாசம். சாராயத்துக்கு கவர்மெண்டே கடை வெச்சிக்கினு கீது.”

“ரெண்டும் தப்புதான். ஒண்ணு தப்புன்னா இன்னொண்ணு சரியாயிடுமா? இந்த வயசுல மூளைக்கு எவ்வளவு கெடுதல்னு உனக்குத் தெரியுமா?”

“ஐயோ, டீச்சர் பாடம் ஆரம்பிச்சிட்டாங்க நைனா. சிலேட்டு எட்து வா.”

அந்த நிலைமையிலும் அவன் உதடு லேசாக விரிந்தது. நான் அவனைப் பார்த்ததும் மூடிக்கொண்டான்.

எங்களோடு வீட்டுக்கு வரச்சொன்னேன். “திங்கக்கிழம இங்கயே போவணும்லமா, நான் அத்தகூடவே இருக்கேன்” என்றான். சாப்பிட்டு முடித்து நாங்கள் கிளம்பும்போது பாட்டிலில் உருண்டை தீர்ந்திருந்தது. அவள் எதிர்க்கடைக்குப் போய்க் காகிதம் பிரிக்காமலே ஒரு கை நிறைய வாங்கி வந்து என் கணவர் சட்டைப் பையில் போட்டாள். “வெச்சிக்கோண்ணா, அண்ணி சமையலுக்கு தேவப்படும்.”

காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் என் கணவர் சூப்பர்வைசர். அதிர்ந்து பேசாதவர், அதிர்ந்து சிரிக்கவும் மாட்டார். மறுநாள் வியாழக்கிழமை, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு உருண்டை போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து டிவியில் வானிலை அறிக்கையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். “இவன் பாரு, மழை வரும்ங்கிறான், வராமலும் போவலாம்ங்கிறான்” என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அப்படியே சோபாவில் சாய்ந்து, வாய் பிளந்து தூங்கிப்போனார். மகனுக்கு வேலை போகப்போகிறது, இந்த மனிதர் சிரிக்கிறார். அவர்மேல் வந்த கோபத்தில்தான் மேசையில் கிடந்த காகிதத்தை எடுத்தேன். ஜிகினாக் காகிதம். திராட்சைக்கொத்துப் படம், மேலே முழுக்க இந்தி எழுத்து. எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் அடிச்சிப்போட்ட மாதிரி தூக்கம் என்ற வார்த்தை நினைவுக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை பிரிக்காத ஓர் உருண்டையைப் பள்ளிக்கு எடுத்துப் போனேன். எங்கள் கணக்கு டீச்சரின் கணவர் ராணுவத்தில் இருந்தவர், அவர்கள் பல வருஷம் வடக்கே இருந்திருக்கிறார்கள். கண்ணாடியைப் போட்டுப் படித்தவர், கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“டீச்சர், இது எங்க கிடைச்சுது? இதுல பாங் போட்டிருக்கு.”

“பாங்னா?”

“கஞ்சாச் செடியோட இலை. அரைச்சு உருட்டிச் சேத்திருக்கான். நாங்க இருந்த ஊர்ல இதுக்கு லைசென்ஸ் கடையே உண்டு. பண்டிகைக்குப் பால்ல கலந்து கிழவங்க எல்லாம் குடிப்பாங்க. இங்க இத வெச்சிருந்தா அவ்வளவுதான். பையில போட்டுக்குங்க, போதை எதிர்ப்பு டீச்சர் கையில இது இருக்கலாமா?” என்று சிரித்தார்.

என் மகன் பொய் சொல்லவில்லை. அந்த நிம்மதிதான் முதலில் வந்திருக்கவேண்டும். எனக்கு முதலில் வந்தது வேறு. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டதும், புரளாமல் தூங்கியதும் அவள் கைப்பக்குவம் இல்லை, அவள் பாசமும் இல்லை, இந்த உருண்டைதான் என்று தோன்றியது. அன்று மதியம் என் டப்பாவிலிருந்த தயிர்சாதம் அமிர்தமாக இருந்தது. பிறகுதான், அவன் வேலை செய்வது பிரஸ் மிஷினில் என்பது உறைத்தது. தகட்டை உள்ளே வைத்துக் கையை எடுப்பதற்குள் மேலிருந்து இறங்குகிற மிஷின். இரவு இதைப் போட்டுக்கொண்டு தூங்கி, காலையில் போய் அதன்முன் நின்றிருக்கிறான். அவன் பத்து விரல்களையும் நினைத்துக்கொண்டு ஐந்தாவது பீரியட் முழுக்கப் பாடம் நடத்தாமல் உட்கார்ந்திருந்தேன்.

சனிக்கிழமை அவனை வரவழைத்தேன். எதிரில் உட்காரவைத்து, காகிதத்தைக் காட்டி, கணக்கு டீச்சர் சொன்னதைச் சொன்னேன். அவன் முகம் வெளிறியது. அப்பாடா என்று சொல்வான், என் கையைப் பிடித்துக்கொள்வான் என்று காத்திருந்தேன்.

“அத்தைக்குத் தெரியுமா?” என்றான்.

“தெரியாது. தெரிஞ்சா குடுத்திருப்பாளா?” என்றேன். இதைச் சொல்வதற்கே எனக்குக் கஷ்டமாக இருந்தது. “திங்கட்கிழமை இதைக் கொண்டுபோய்க் காட்டினா முடிஞ்சுபோச்சு.”

“காட்டக்கூடாதுமா.”

“என்னடா?”

“அத்தையோட கேண்டீன் போயிடும். அது மட்டுமா? போன மாசம் இதே மாதிரி சாக்லெட் வித்தான்னு பைபாஸ் பக்கத்துல ரெண்டு பேர புடிச்சிக்கினு போனாங்க. ஊட்ல பாட்டில் பாட்டிலா வெச்சிருந்தது அத்த. எவன் நம்புவான் செரிமானத்துக்குன்னு?”

“அப்போ நீ என்ன சொல்லப்போற?”

“ஃப்ரெண்ட்ஸோட ஒரு தபா இழுத்தேன்னு சொல்லிட்டு வந்துர்றேன். எனுக்கு வேற வேலை கிடைக்கும்.”

“அவளுக்காகவா?”

“ஆமா.”

“எனக்காக ஒரு தலைவலி மாத்திரை வாங்கிட்டு வரச்சொன்னா நாலு தடவை சொல்லணும். அவளுக்காக வேலையை விடுவியா?”

“மா, அது வேற, இது வேற.”

“என்னடா வேற? உனக்கு அங்க பசிச்சது, தூக்கம் வந்தது எல்லாம் இந்த உருண்டையாலடா. அவளால இல்ல.”

“உருண்டைய அத்த சாப்பாட்டுக்கு அப்புறந்தானேமா குடுக்கும்” என்றான்.

நான் காகிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டான். நான் காத்திருந்த கைதான், காரணம்தான் வேறு. “கம்பெனில சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு. சொன்ன, நான் உன்கூட பேசவே மாட்டேன்.” சத்தியம் செய்தேன். சொன்னால் அவன் வேலை நிலைக்கும், அவன் எனக்கு இல்லாமல் போவான். சொல்லாவிட்டால் அவன் வேலையை அவள் காலடியில் கொண்டுபோய் வைப்பான். எந்தப் பக்கம் போனாலும் ஜெயிப்பது அவள்தான் என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கோ தான் ஜெயித்துக்கொண்டிருப்பதே தெரியாது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கம்பெனியில் சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்திருந்தேன். திங்கட்கிழமை காலை கிளம்புவதற்கு முன்னால் அவளுக்குப் போன் செய்தேன்.

“உன் உருண்டையிலதான் கஞ்சா இருக்கு” என்றேன். கணக்கு டீச்சர் படித்ததைச் சொன்னேன். பிரஸ் மிஷினைச் சொன்னேன். “உன்னைக் காப்பாத்தறதுக்காக அவன் பழியைத் தன்மேல போட்டுக்கிட்டு வேலையை விட்டுட்டு வரப்போறான். உனக்குத் தெரியணும்னுதான் சொல்றேன்.”

அந்தப் பக்கம் எண்ணெய் காய்கிற சத்தம் கேட்டது.

“சரி அண்ணி” என்றாள். வைத்துவிட்டாள்.

இனி பாட்டிலைக் கழுவி வைப்பாள், ஒன்றும் தெரியாதவள் போல இருந்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன். என் கணவருக்குப் பட்டறையில் விடுப்பு கிடைக்கவில்லை. மகன் கேட்டில் எனக்காக நின்றிருந்தான். அவள் இஸ்திரி போட்ட சட்டை.

விசாரணை தொழிற்சாலையின் மருத்துவ அறையில் நடந்தது. கம்பெனி டாக்டரும், ஆட்களைப் பார்த்துக்கொள்கிற அதிகாரி ஒருவரும் இருந்தார்கள். நான் பள்ளி ஆசிரியை என்றதும் இருவரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அது எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது. அதிகாரி கேட்டவுடன் மகன் மனப்பாடம் செய்ததைப் போலச் சொன்னான். நண்பர்களோடு, ஒரு முறை, விளையாட்டாக. என் பள்ளிப் பிள்ளைகள் மேடையில் பேசுவது போலவே இருந்தது, எழுதிக்கொடுத்தவள் மட்டும் நான் இல்லை.

டாக்டர் வயதானவர், அவசரமில்லாதவர். “ஒரு தடவைதானா? நல்லா யோசிச்சு சொல்லுங்க தம்பி” என்றார்.

“ஆமா சார்.”

அவர் என் பக்கம் திரும்பினார். “அம்மா, இந்த டெஸ்ட்டுக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியும். உடம்புக்குள்ள அது போயிருக்குன்னு தெரியும். இழுத்தானா, தின்னானா, தெரிஞ்சு தின்னானா, நேத்தா, போன வாரமா, மிஷின்ல நிக்கறப்போ மயக்கத்துல இருந்தானா, எதுவும் அதுக்குத் தெரியாது. சட்டமும் அப்படித்தான். பூவும் காயும் இருக்கிற நுனின்னா ஒரு பேரு, வெறும் இலைன்னா வேற பேரு. பக்கத்து மாநிலத்துல ஒரு விதம், இன்னும் மேல போனா கடையில வெச்சு விக்கிறான். இங்க வேலை செய்ய வர்றவங்க அதை மூட்டையில கட்டிக்கிட்டு வந்துடறாங்க, அவங்களுக்கு அது தப்புன்னே தெரியாது. வெளிநாட்டுல மருந்துங்கிறான். மருந்தா கூட இருக்கட்டும், நான் இல்லேன்னு சொல்லல. ஆனா பிரஸ்ல நிக்கற பையனுக்கு அது மருந்து இல்ல. போன தடவை கை போனவனுக்கு நான்தான் கட்டுப் போட்டேன்.”

“விளக்கம் வேற எதாவது இருக்கா?” என்றார் அதிகாரி. “தெரியாம யாராவது குடுத்து சாப்ட்டிருந்தா, அது யாரு, என்னன்னு சொன்னா, கொஞ்ச நாள் விட்டு மறுபடி டெஸ்ட் எடுத்து முடிவு பண்ணுவோம். நாங்க போலீஸ் இல்ல. ஆனா குடுத்தது இந்த கேட்டுக்குள்ள வந்து போற ஆளுன்னா அவங்கள இனிமே உள்ள விட முடியாது. இவரே தெரிஞ்சு எடுத்திருக்கார்னா, மன்னிக்கணும், எங்களால ஒண்ணும் செய்ய முடியாது.”

மகன் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த முதலுதவிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் கைப்பைக்குள் அந்த ஜிகினாக் காகிதம் இருந்தது. ஜிப்பை நான் திறந்துவிட்டேன். திறந்த சத்தம் அவனுக்குக் கேட்டது, அவன் தோள் இறுகியது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் சாயங்காலம் எந்த வீட்டுக்குப் போவான் என்பதும் எனக்குத் தெரியும். அதிகாரி பேனாவை எடுத்துவிட்டார். என் விரல் காகிதத்தின் ஓரத்தில் இருந்தது.

யாரோ கதவைத் தட்டாமலே திறந்தார்கள். என் நாத்தனார் நின்றிருந்தாள். கேண்டீனுக்குப் போகிற பின்வாசல் வழியாக வந்திருக்கிறாள், அந்த அனுமதி அட்டை கழுத்தில் தொங்கியது. புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகியது அப்படியே இருந்தது, முன்கையில் மாவு காய்ந்திருந்தது. என்னைத் தாண்டிப்போய் அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்று, அவன் தோளில் கை வைத்தாள். அந்தத் தோள் தளர்ந்ததை நான் பார்த்தேன். என் வாயில் இருந்த வார்த்தையைத்தான் அவள் சொல்லப்போகிறாள், அதையும் அவளே சொல்லப்போகிறாள் என்று தெரிந்தபோது, நான் ஜிப்பை மூடினேன்.

“சார், இவன் சொல்றது பொய்யி. தெனம் ராத்திரி கஞ்சா கலந்த உருண்டைய தெரியாம நான்தான் குடுத்தேன், வயித்துக்கு நல்லதுன்னு குடுத்தேன். கடைய வேணா காட்டுறேன். எழுதிக்கினு எங்க கைநாட்டு வெக்கணுமோ சொல்லுங்க. நாளையிலேர்ந்து சப்பாத்திக்கு வேற ஆள பாத்துக்குங்க. என் புள்ளைய மட்டும் உள்ள வேலைக்கு அனுப்புங்க சார்.”